வியன்னாவின் ராஜவனம்

மன்னர்களின் மாளிகைகளைக் காணச் செல்கிறவர்கள் பெரும்பாலும் உள்ளே இருக்கும் கட்டில்களையும் நாற்காலிகளையும் நிலைக்கண்ணாடிகளையும் பார்த்து வியந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். என் வரையில், மாளிகையின் உள்ளே தெரியும் மன்னனைவிட, அதன் தோட்டத்தில் தெரியும் மன்னனே உண்மையானவன் என்று கருதுகிறேன். அறைகளில் அவன் வாழ்ந்தான். தோட்டத்திலோ, தான் எப்படி வாழ்வதாக உலகம் எண்ண வேண்டும் என்று விரும்பினானோ அதை அமைத்து வைத்தான். இதை எனக்கு உணர்த்தியது ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் உள்ள ஷோன்புருன் உத்தியானவனம்.

வியன்னா என்றதும் நம்மவர்க்கு ஸ்ரீ சுபாஷ் சந்திர போஸின் நினைவு வராமற் போகாது. தேசப்பிரஷ்டராக ஐரோப்பாவில் தங்கியிருந்த அவர், 1934-ஆம் வருஷம் இந்நகரிலிருந்துதான் இந்தியப் போராட்டத்தைப் பற்றிய தமது நூலை எழுதினார். ஒரு சாம்ராஜ்யத்தை எதிர்த்துப் போராடியவர், இடிந்துபோன மற்றொரு சாம்ராஜ்யத்தின் தலைநகரில் அமர்ந்து எழுதினார் என்பது சிந்திக்கத்தக்கது. அந்த எண்ணத்தோடுதான் ஒரு நாள் காலை நகர ரயிலில் ஏறி ஷோன்புருன் நிலையத்தில் இறங்கினேன்.

ஷோன்புருன் என்றால் ஜெர்மன் பாஷையில் 'அழகிய ஊற்று' என்று பொருள். ஹாப்ஸ்பர்க் வம்சத்துச் சக்கரவர்த்தி இரண்டாம் மாக்ஸிமிலியன் 1569-இல் இவ்விடத்தை வேட்டைக்காக வாங்கினார். பிற்காலத்தில் மத்தியாஸ் சக்கரவர்த்தி 1612-இல் வேட்டையாடி வந்தபோது இங்கே ஒரு தெளிந்த ஊற்றைக் கண்டு மகிழ்ந்ததாகவும், அதனால் இப்பெயர் அமைந்ததாகவும் கர்ணபரம்பரை. அந்த ஊற்று இன்றும் இருக்கிறது. மரங்களுக்கு நடுவே ஒரு சிறு மண்டபம். அதனுள் எகேரியா என்னும் நீர்மகள் சாய்ந்திருக்கிறாள். அவள் கைக் குடத்திலிருந்து நீர் ஓயாது வழிகிறது. நம் ஊர்ச் சுனையருகே ஒரு தேவியைக் கண்டாற்போன்ற உணர்ச்சி எனக்கு உண்டாயிற்று. நெடுங்காலம் அரண்மனைக்குக் குடிநீர் இவ்வூற்றிலிருந்தே சென்றது. இத்தனை பெரிய தோட்டத்தில் தாகத்துக்குத் தண்ணீர் தந்த சிலை இது ஒன்றே.

1683-இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டபோது இங்கிருந்த பழைய வேட்டை மாளிகை அழிந்தது. அதன் பின் பிஷர் வான் எர்லாக் என்ற சிற்பாசாரியார் புதியதோர் அரண்மனைக்குப் படம் வரைந்தார். அவருடைய முதற் கற்பனையில் அரண்மனை, எதிரே உள்ள குன்றின் உச்சியில் வானளாவ நின்றது. அவ்வளவு செலவுக்கு யாரும் துணியவில்லை. மாளிகை கீழே சமவெளியில் எழுந்தது. குன்றின் உச்சி வெறுமையாகவே கிடந்தது. அந்த வெறுமையை நிரப்பியவள் மரியா தெரேஸா மகாராணி.

1740 முதல் 1780 வரை ஆண்ட இவ்வரசி பதினாறு குழந்தைகளுக்குத் தாய். பிரான்ஸ் தேசத்துப் புரட்சியில் 1793-இல் தலையிழந்த மரீ ஆன்ட்வானெட் இவளுடைய மகளே. 1765-இல் கணவர் இறந்தபின், ராணி தன் ஆயுட்காலம் முழுவதும் கறுப்பு உடையே தரித்தாள். அந்தக் கைம்மைக் காலத்தின் கடைசிப் பத்து வருஷங்களில்தான் இத்தோட்டத்தின் சிற்பங்களும் மண்டபங்களும் பெரும்பாலும் உருவாயின. திட்டம் வகுத்தவர் ஹோஹென்பெர்க் என்ற சிற்பாசாரியார். சிலைகளுக்குப் பொறுப்பு ஏற்றவர் வில்ஹெல்ம் பேயர். முன்னர்ப் பீங்கான் பொம்மைகளுக்கு உருவம் சமைத்த கை அவருடையது.

அரண்மனையின் பின்புறத்து வாயிலில் நின்றால், எதிரே குன்றின் அடிவாரம் வரை பூம்பாத்திகள் ஜமக்காளம் விரித்தாற்போல் பரந்து கிடக்கின்றன. இருமருங்கும் மரங்கள் சுவர்போலச் செதுக்கப்பட்டிருக்கின்றன. உயர்ந்த ஏணிகளின் மேல் நின்று கத்தரித்து, ஓர் இலையும் வரம்பு மீறாதபடி காக்கிறார்கள். இந்தப் பச்சைச் சுவரின் ஓரமாக, ஆள் உயரத்திற்கு மேற்பட்ட 32 பளிங்குச் சிலைகள் அணிவகுத்து நிற்கின்றன. 1773-க்கும் 1780-க்கும் இடையே பேயரும் அவரிடம் வேலை செய்த பல சிற்பிகளும் சேர்ந்து செதுக்கியவை இவை. வெண்பளிங்குக்காகப் பேயர் அலைந்து, டிரோல் மலைநாட்டின் ஸ்டெர்ட்சிங் பக்கத்தில் அதைக் கண்டெடுத்தார். அந்த ஊர் இப்போது இத்தாலிய தேசத்தைச் சேர்ந்தது.

சிலைகளில் ஆஸ்திரிய தேசத்தவர் எவரும் இல்லை. எல்லாரும் பழைய கிரேக்க, ரோமானியக் கதைகளின் மாந்தர்களே. எரியும் டிராய் நகரிலிருந்து வயோதிகத் தந்தையைத் தூக்கிச் செல்லும் ஈனியாஸ் இங்கே இருக்கிறான். அவனைக் கண்டதும், தாய் தந்தையரைக் காவடியில் சுமந்த சிரவணனை நினைக்காத இந்தியன் இரான். ரோமாபுரியை நடுங்க வைத்த கார்த்தேஜ் நகரத்து ஹானிபல் நிற்கிறான். அவனோடு நேருக்கு நேர் பொருதாமல், காலம் கடத்திக் கடத்தியே அவனைத் தளரச் செய்த பேபியஸும் நிற்கிறான். மானபங்கம் அடைந்து உயிர் விட்ட லுக்ரீஷியாவும், அவள் பொருட்டு மன்னராட்சியையே ரோமாபுரியிலிருந்து விரட்டிய புரூட்டஸும் ஒரே பீடத்தில் இருக்கிறார்கள். மன்னனைத் துரத்தியவனுக்கு மன்னர் மாளிகைத் தோட்டத்திலேயே சிலை! பழங்கதை என்ற போர்வை இருந்தால் எதையும் அரண்மனைக்குள் கொண்டுவரலாம் போலும்.

அச்சிலைகளுள் என் மனத்தில் நின்றது ஆர்டிமீசியா ராணியின் உருவம். கணவனை இழந்து, அவனுக்காக உலகமே அதிசயிக்கும் கல்லறையை எழுப்பியவள் அவள். கறுப்பு உடை தரித்த மரியா தெரேஸா இச்சிலையைக் கடந்து எத்தனை முறை நடந்திருப்பாள்! அலங்காரம் என்று வைத்த கல்லும் சில வேளை அந்தரங்கத்தைப் பேசிவிடுகிறது.

பூம்பாத்திகளின் முடிவில், குன்றின் அடிவாரத்தில், நெப்டியூன் நீரூற்று இருக்கிறது. 1776-இல் தொடங்கிய இவ்வேலை 1780-இல் முடிந்தது. நெப்டியூன் அவர்களுடைய வருணன். பாறைகளின் மேல் அவன் கம்பீரமாக நிற்க, காலடியில் தெடிஸ் என்ற கடல்மகள் மண்டியிட்டு வேண்டுகிறாள். டிராய் யுத்தத்துக்குக் கப்பலேறும் தன் மகன் அகிலீஸைக் காக்கும்படி அவள் கேட்கிறாள். கீழே பொங்கும் கடற்குதிரைகளை டிரைடன்கள் அடக்கிப் பிடிக்கிறார்கள். கடலை அடக்கும் தேவனைப்போல் மன்னர் தேசங்களை அடக்கி நடத்துகிறார் என்பது இதன் உட்கருத்து. ஆனால் பார்க்கிறவன் கண் நெப்டியூன்மேல் நிலைப்பதில்லை. மகனுக்காக மண்டியிட்ட தாயின் மேலேயே செல்கிறது. அகிலீஸ் யுத்தத்திலிருந்து திரும்பவில்லை என்பது கதை அறிந்தவர் அனைவருக்கும் தெரியும். நீரூற்று முடிந்த அதே 1780-இல் நவம்பர் மாதம் மரியா தெரேஸாவும் காலமானாள்.

அங்கிருந்து கிழக்கே மரச்சோலைக்குள் திரும்பினால் ஓர் அதிசயம். பாழடைந்த ரோமானியக் கோயில் ஒன்று தண்ணீரில் பாதி மூழ்கினாற்போல் நிற்கிறது. உடைந்த வளைவு, சரிந்த தூண்கள், சிதறிக் கிடக்கும் கற்கள், மேலே முளைத்த செடிகொடிகள். ஆயிரத்தைந்நூறு வருஷங்களின் சோகம் கண்முன் நிற்பதாகத் தோன்றும். உண்மையில் இது 1778-இல் புதிதாகக் கட்டியது! இடிந்த கட்டடமாகவே ஹோஹென்பெர்க் இதைக் கட்டினார். ரோமாபுரியின் இடிபாடுகளைப் பிரனேஸி என்பவர் செதுக்கி அச்சிட்ட படங்கள் அக்காலத்தில் ஐரோப்பாவெங்கும் பரவியிருந்தன. அவற்றைப் பார்த்து, பாழ் என்பதும் ஓர் அழகு என்று பிரபுக்கள் நினைக்கத் தலைப்பட்டார்கள். பாழ் இல்லாதவர்கள் பணம் கொடுத்துப் பாழைக் கட்டிக்கொண்டார்கள்.

நான் அங்கே நின்றுகொண்டிருந்தபோது, ஒரு சிறுமி தன் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "இதை யார் உடைத்தார்கள்?" என்று கேட்டாள். எனக்கிருந்த கொஞ்ச ஜெர்மன் ஞானத்துக்கு அவ்வளவு எட்டியது. கிழவர் சிரித்துவிட்டு, "ஒருவரும் உடைக்கவில்லை, குழந்தாய். இப்படியேதான் கட்டினார்கள்" என்றார். சிறுமி நம்பவில்லை. உடையாத ஒன்றை உடைந்ததாகக் கட்டுவார்களா என்று அவள் முகம் கேட்டது.

அவளுடைய சந்தேகம் நியாயமானது. முதலில் இதற்குக் 'கார்த்தேஜின் பாழ்' என்றே பெயர். ரோமாபுரி அழித்த நகரம் கார்த்தேஜ். அந்த ரோமாபுரியின் வாரிசுகள் தாங்களே என்பது ஹாப்ஸ்பர்க் சக்கரவர்த்திகளின் பெருமை. அவர்களுடைய ராஜ்யத்துக்கே 'புனித ரோம சாம்ராஜ்யம்' என்று பெயர். பகைவனின் வீழ்ச்சியைக் காட்டக் கட்டிய இந்தப் பாழ் பிற்பாடு 'ரோமானியப் பாழ்' என்று பெயர் பெற்றது. 1806-இல் புனித ரோம சாம்ராஜ்யமும் முடிந்துபோயிற்று. வென்றவனுக்கும் தோற்றவனுக்கும் ஒரே பாழ் போதுமாயிருந்தது.

சற்றுத் தூரத்தில் 1777-இல் எழுந்த ஒரு தூபி நிற்கிறது. பொன்முலாம் பூசிய நான்கு ஆமைகள் அதைத் தாங்குகின்றன. ஆமை, நிலைபேற்றுக்கு அடையாளம். தூபியின் உடல் முழுவதும் எகிப்திய சித்திர எழுத்துக்கள். ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் சரித்திரத்தைச் சொல்லுவதாக அவற்றைப் பொறித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அப்போது ஐரோப்பாவில் அவ்வெழுத்துக்களைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பிரெஞ்சுப் பண்டிதர் ஷம்போலியோன் அவற்றின் மர்மத்தைக் கண்டுபிடித்தது 1822-இல்தான். ஆகவே, தூபியில் உள்ளவை பொருளற்ற கற்பனைக் கோடுகள். புகழை எவரும் படிக்க முடியாத எழுத்தில் எழுதுவதிலும் ஒரு சௌகரியம் உண்டு. பொய் என்று எவரும் மறுக்க முடியாது.

இனி, குன்றின் மேல் ஏறுவோம். உச்சியில் நிற்பது 'குளோரியெட்' என்னும் தூண் மண்டபம். 1775-இல் எழுந்தது. நடுவில் வெற்றி வளைவு; இருபுறமும் வரிசை வளைவுகள் கொண்ட கைகள்; உச்சியில் உலக உருண்டையின்மீது ராஜகழுகு. படிகளின் இருபுறமும் ஹாகெனவர் என்ற சிற்பி செதுக்கிய கேடயங்களும் கவசங்களும் கொடிகளும் குவிந்திருக்கின்றன. நியாயமான யுத்தத்தின் முடிவில் சமாதானம் பிறக்கிறது என்பதை விளக்க இதை எழுப்பினார்கள். 1757-இல் கோலின் என்ற இடத்தில் பிரஷ்ய மன்னர் பிரெடெரிக்கை ஆஸ்திரியச் சேனை முறியடித்ததை இது நினைவூட்டுகிறது என்று மரபாகச் சொல்வர். ஆனால் அந்த ஏழாண்டு யுத்தம் 1763-இல் முடிந்தபோது, எந்த ஸைலீஷியா நாட்டுக்காக ராணி போராடினாளோ அது பிரஷ்யாவிடமே தங்கிவிட்டது. கைக்கு வராத வெற்றிக்குக் குன்றின்மேல் ஒரு மண்டபம் கிடைத்தது.

இம்மண்டபத்தின் தூண்களுக்கு ஒரு பூர்வகதை உண்டு. முன்னே சொன்ன இரண்டாம் மாக்ஸிமிலியனே நகரின் மற்றொரு பக்கத்தில், ஸிம்மெரிங் என்ற இடத்தில், 'நாய்கெபாய்தே' என்ற விலாச மாளிகையைக் கட்டத் தொடங்கினார். அதன் தூண்களின் அழகு அக்காலத்தில் பேர்போனது. இரண்டு நூற்றாண்டுகள் கழித்து அம்மாளிகை வெடிமருந்துக் கிடங்காகிக் கிடந்தது. வீணாய்க் கிடக்கும் தூண்களை எடுத்துவந்து குன்றின்மேல் நிறுத்தும்படி மரியா தெரேஸா உத்தரவிட்டாள். முப்பாட்டன் வீட்டைப் பிரித்து அவன் வம்சத்தார் புகழ் மண்டபம் கட்டினார்கள். தூண்களை இழந்த மாளிகை இன்றும் இருக்கிறது. அதன் தோட்டம் இருந்த இடத்தில் 1922 முதல் வியன்னா நகரத்தாரின் தகன மண்டபம் நடந்து வருகிறது. ஒரு தோட்டத்தில் ராஜகழுகு சிறகு விரிக்க, மற்றொரு தோட்டம் சுடுகாடாயிற்று.

யுத்தத்தைப் புகழ்ந்து எழுந்த மண்டபத்தை யுத்தமும் மறக்கவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசிக் காலத்தில் வானிலிருந்து விழுந்த குண்டுகள் குளோரியெட்டைக் கடுமையாகச் சிதைத்தன. அரண்மனையின் பெரிய கூடத்து விதானத்தில் தீட்டியிருந்த மூன்று சித்திரங்களில், யுத்த வீரத்தைப் போற்றிய சித்திரம் எதுவோ, அதுவே குண்டுக்கு இரையாயிற்று. இப்போது அங்கே இருப்பது நகல். குளோரியெட்டை 1947-க்குள் பழுதுபார்த்து எழுப்பினார்கள். நம் தேசம் விடுதலை அடைந்த வருஷம் அது. 1945-இலிருந்து சில காலம் இந்த அரண்மனையில் தலைமையிடம் வைத்திருந்தது பிரிட்டிஷ் ராணுவம் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

குன்றிலிருந்து இறங்கி அரண்மனைக்குள்ளும் போனேன். 1,441 அறைகளில் சிலவற்றையே காட்டுகிறார்கள். அவற்றுள் 'கோடி அறை' என்று நாம் சொல்லத்தக்க ஓர் அறை உண்டு. அதற்கான பெருஞ்செலவினால் அப்பெயர் வந்தது. விலையுயர்ந்த மரப்பலகைகள் சுவர் முழுவதும் பதித்திருக்கின்றன. பொன் சட்டங்களுக்குள் நூற்றுக்கணக்கான சிறு சித்திரங்கள். நெருங்கிப் பார்த்தேன். யானைகள், பல்லக்குகள், தலைப்பாகை அணிந்த அரசர்கள், மாடத்தில் அமர்ந்த மாதர்கள். எல்லாம் நம் நாட்டுச் சித்திரங்கள்! முகலாய தர்பார்களின் காட்சிகள்.

முதலில் பெருமிதம் உண்டாயிற்று. சற்று உற்றுப் பார்த்தபின் மனம் சுருங்கியது. வளைந்து நெளிந்த பொன் சட்டங்களுக்குள் பொருந்தும்படி அச்சித்திரங்களைக் கத்தரித்திருக்கிறார்கள். ஒரு படத்தின் துண்டை மற்றொரு படத்தோடு ஒட்டிப் புதிய காட்சி செய்திருக்கிறார்கள். அரச குடும்பத்தாரே ஆசையோடு அமர்ந்து செய்த வேலையாம் அது. அவர்களுக்கு அதில் துவேஷம் ஏதும் இல்லை. அழகென்று கருதியே செய்தார்கள். நாய்கெபாய்தேயின் தூண்களுக்கு நேர்ந்ததே நம் சித்திரக்காரனின் ஏடுகளுக்கும் நேர்ந்தது. தன் சட்டத்துக்கு அளவாக எதையும் வெட்டிக்கொள்ளும் உரிமை தனக்கு உண்டு என்று நினைப்பதே ஏகாதிபத்தியத்தின் சுபாவம். அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் எந்த மியூசியத்திலும் கண்டதில்லை.

ஆயினும் ஷோன்புருனை வெறுத்துக்கொண்டு நான் திரும்பவில்லை. அதற்குக் காரணம் மரியா தெரேஸாவின் மகன் இரண்டாம் ஜோசப். இவர் வேட்டைவனமாயிருந்த பிராட்டரை 1766-இலும், அவுகார்ட்டன் தோட்டத்தை 1775-இலும் பொது ஜனங்களுக்குத் திறந்துவிட்டார். 1779 வாக்கில் ஷோன்புருன் தோட்டமும் அவ்வாறே திறந்தது. தாய் தன் வம்சத்தின் கீர்த்திக்காகச் சிலைகளை நிறுத்திக்கொண்டிருந்த வேளையிலேயே, செருப்புத் தைப்பவனும் ரொட்டி சுடுகிறவனும் தன் பிள்ளைகளோடு அவற்றிடையே நடக்கத் தொடங்கிவிட்டான்.

பின்னர் என்னென்னவோ நடந்தன. 1805-இலும் 1809-இலும் நெப்போலியன் இந்த அரண்மனையில் வந்து தங்கினான். முறைப்படி மணந்த மனைவியிடம் அவனுக்குப் பிறந்த ஒரே மகன் 1832-இல் இங்கேயே இருபத்தொரு வயதில் மாண்டான். 1830-இல் இங்கே பிறந்த பிரான்ஸ் ஜோசப் சக்கரவர்த்தி 1916-இல் இங்கேயே கண்மூடினார். 1918 நவம்பர் 11-ஆம் தேதி கடைசிச் சக்கரவர்த்தி கார்ல், சீனச் சித்திரங்கள் தீட்டிய நீல அறையில் அமர்ந்து, ராஜ்ய காரியங்களிலிருந்து விலகுவதாகக் கையெழுத்திட்டார். மறுநாள் ஆஸ்திரியா குடியரசாயிற்று. குன்றின்மேல் ராஜகழுகு மட்டும் அப்படியே நின்றது.

மாலையில் மறுபடியும் தோட்டத்துக்கு வந்தேன். சுமார் நானூறு ஏக்கர் பரப்புள்ள இவ்வனத்தில் உலாவக் கட்டணம் இல்லை. கிழவிகள் பெஞ்சுகளில் அமர்ந்து பின்னல் வேலை செய்தார்கள். இளைஞர்கள் குன்றின் மேல் ஓடி இறங்கினார்கள். வெற்றி மண்டபத்தின் நடுக்கூடத்தில் இப்போது காப்பிக்கடை நடக்கிறது. ஆண்டுதோறும் கோடைகாலத்தில் ஓர் இரவு, நெப்டியூன் நீரூற்றின் முன்னே வியன்னாவின் புகழ்பெற்ற வாத்தியக் கோஷ்டியார் கச்சேரி செய்கிறார்கள். அதற்கும் டிக்கெட் இல்லை. 1996-இல் இவ்விடம் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையிலும் சேர்ந்தது.

அந்தப் பொய்ப் பாழின் அருகே மீண்டும் ஒரு முறை நின்றேன். அதைச் சுற்றி வேலி போட்டிருந்தார்கள். கல்லில் ஒரு கீறல் இல்லை. எவருடைய பெயரும் கரியால் எழுதப்படவில்லை. இடிந்ததாகக் கட்டிய ஒன்று மேலும் இடியாமலிருக்க அவர்கள் அத்தனை பாடுபடுகிறார்கள். நம்மிடமோ பொய்யான பாழ் ஒன்றுகூட இல்லை. ஹம்பியிலும் செஞ்சியிலும் நிற்பவை உண்மையாக வாழ்ந்து உண்மையாகவே வீழ்ந்தவை. அவற்றின் தூணில் ஆணியால் தன் பெயரைக் கீறிவிட்டுச் செல்லுகிற நம் சகோதரனை நினைத்தேன். அவனுக்கு அந்தத் தூண் எவனோ ஒரு ராஜாவின் சொத்து. வியன்னாக்காரன் ராஜாவின் சொத்தை எப்போதோ தன் சொத்தாக்கிக்கொண்டுவிட்டான், அதனால்தான் காக்கிறான்.

ராஜாக்கள் போய்விட்டார்கள், அவர்கள் விட்டுச் சென்றவை நம்முடையவை. சுயராஜ்யம் என்ற சொல்லுக்கு இதுவும் ஒரு பொருள் அன்றோ? அந்தச் சிறுமி கேட்ட கேள்வியை நாளைக்கு நம் பேரக் குழந்தை ஹம்பியில் நின்று கேட்கும்: "இதை யார் உடைத்தார்கள்?" அப்போது பழைய படையெடுப்புக்களை மட்டும் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அந்நியர் போன பின்பு விழுந்த கல்லுக்கு நாமே பதில் சொல்லியாக வேண்டும்.